பனியில ஜீன்ஸ் வேணாம் பாஸ்!



போன வாரம் இந்தப் பக்கத்துல செகண்ட்ஹேண்ட் லேப்டாப் பத்திப் பேசினோம். இந்த வாரம் பேன்ட். அதுவும் ஸ்னோபோர்டு பேன்ட்! ‘நெய்க்காரப்பட்டிக்காரனுக்கு எதுக்குடா இந்த வேலை?’னு நீங்க முணுமுணுக்கிறது கேக்குது. நியாயமான கேள்விதான். பழனிக்குப் பக்கத்துல, வெல்ல மண்டியும் கரும்பாலையுமா இருக்கிற ஊர் எங்களுது. கொப்பரையில கரும்புப் பால் தளதளன்னு கொதிக்கிறதை வேடிக்கை பார்த்து வளர்ந்தவங்களுக்குக் குளிர்னா என்ன? மார்கழி மாசம் விடியக்காலையில டியூஷனுக்குக் கிளம்பறப்ப அம்மா கட்டிவிடுற மஃப்ளர். அவ்வளவுதான். எங்க வீட்டு பீரோவுல இருக்கிற ஒரே ‘வின்டர் கலெக்‌ஷன்’... அப்பா சபரிமலைக்கு மாலை போட்ட வருஷம் வாங்கின கறுப்பு ஸ்வெட்டர்!

ஆனா, தமிழ்நாட்டுல இன்ஜினீயரிங் படிக்கிறவங்களுக்கு இந்த மேட்டரை விளக்கவே தேவையில்லை. தேர்டு இயர் வந்தா ஐ.வி. வரும். ஐ.வி.ன்னா இண்டஸ்ட்ரியல் விசிட். இண்டஸ்ட்ரி ஒரு மணி நேரம், விசிட் ஒரு வாரம்! டெல்லி, ஆக்ரா, குலு, மணாலி... பல காலேஜ்கள்ல ரூட் மேப் இதேதான். மணாலியில இருந்து சோலாங் பள்ளத்தாக்கு. இல்லைன்னா, 2020 அக்டோபர்ல திறந்த 9.02 கிலோமீட்டர் அடல் சுரங்கப்பாதை வழியா மலைக்கு அந்தப் பக்கம் சிஸ்ஸு. பஸ்ஸைவிட்டு இறங்கினா கண்ணு கூசுற வெள்ளை. ரெண்டு காலையும் ஒரே பலகையில குறுக்குவாட்டுல பூட்டிக்கிட்டு ஒருத்தர் சர்ர்ருனு வழுக்கிட்டுப் போவார். அதைப் பார்த்ததும் நம்ம பசங்க கோரஸா ஒரே வார்த்தைதான் சொல்வாங்க. ‘மச்சி, நாமளும் ட்ரை பண்ணுவோம்டா!’

ட்ரை பண்ணுங்க. தாராளமா பண்ணுங்க. ஆனா, இடுப்புக்குக் கீழே என்ன போட்டிருக்கீங்க?

இதை ஏன் இவ்வளவு சீரியஸா கேக்குறேன்னா, எங்க டிபார்ட்மென்ட் சீனியர் ஒருத்தர் கதை அப்படி. ஹாஸ்டல்ல அதைச் சிரிச்சுக்கிட்டேதான் சொல்வாங்க. எனக்குச் சிரிப்பு வரலை. அண்ணன் நல்ல வாட்டசாட்டமான ஆள். ‘கோட்டு மட்டும் வாடகைக்குப் போதும், பேன்ட் எதுக்கு? டபுள் ஜீன்ஸ் போட்டுக்கிறேன்’னு ஒண்ணுக்கு மேல ஒண்ணா ரெண்டு ஜீன்ஸ். முதல் ஒரு மணி நேரம் ஹீரோ. பனியில உருண்டு, உக்காந்து, சறுக்கி, போட்டோவுக்கு போஸ் கொடுத்து... மதியத்துக்கு மேல மேகம் மூடி, காத்து கிளம்பினதும் ஆள் கப்சிப். கை நடுங்குது. ஷூ லேஸை அவிழ்க்க முடியலை. அப்புறம் வாய் குழற ஆரம்பிச்சிருக்கு. ‘குடிச்சிருக்கானா?’ன்னுகூட ஒரு சார் சந்தேகப்பட்டாராம். பஸ் டிரைவர்தான் ஒரே பார்வையில புரிஞ்சுக்கிட்டு, ஈர ஜீன்ஸைக் கழட்டச் சொல்லி, தன்னோட கம்பளியைச் சுத்திவிட்டு, ரெண்டு பக்கமும் பசங்களை நெருக்கி உக்கார வச்சு, சூடா சர்க்கரை தூக்கலா டீ கொடுத்திருக்கார்.

நடுக்கம், கை சொன்ன பேச்சு கேக்காதது, பேச்சுக் குழறல், நடை தள்ளாட்டம்... இதெல்லாம் உடம்போட உள்வெப்பம் இறங்குதுன்னு அடிக்கிற மணி. 37 டிகிரி இருக்க வேண்டியது 35-க்குக் கீழே போயிட்டா அதுக்கு ‘ஹைப்போதெர்மியா’ன்னு பேர். உயிருக்கே உலை வைக்கிற சமாசாரம். அதுக்கு மைனஸ் 20 டிகிரி தேவையே இல்லை. ஈரமும் காத்தும் கூட்டணி வச்சா, பூஜ்ஜியத்துக்கு மேலேயே நடக்கும்.

பேன்ட்டுக்குள்ள என்ன நடக்குது?

எந்தப் பேன்ட்டும் சூடு தராது, பாஸ். சூட்டைத் தயாரிக்கிற ஃபேக்டரி நீங்கதான். காலையில உள்ளே தள்ளின ஆலு பரோட்டாதான் விறகு. அந்தச் சூடு ஓடிப்போகாம பிடிச்சு வைக்கிறது மட்டும்தான் பேன்ட்டோட டியூட்டி. அதையும் துணி செய்யலை, துணிக்குள்ள அடைஞ்சு கிடக்கிற காத்து செய்யுது! ஹீட் டிரான்ஸ்ஃபர்ல அரியர் வச்சிருக்கிறவங்க டேட்டா புக்கைத் தூசி தட்டிப் பாருங்க. அசையாத காத்தோட வெப்பக் கடத்துதிறன் சுமார் 0.026. தண்ணிக்குச் சுமார் 0.6. (ரெண்டுக்கும் யூனிட் வாட்/மீட்டர் கெல்வின். போடலைன்னா அரை மார்க் கட்!) அதாவது, துணிக்குள்ள காத்து இருந்த இடத்துல தண்ணி புகுந்துட்டா, அந்த வழியா சூடு இருபது மடங்குக்கு மேல வேகமா வெளியேறும்.

ஜீன்ஸ் பருத்தி. பருத்தி தண்ணியை ஆசையா குடிக்கும், அதனாலதான் துண்டைப் பருத்தியில நெய்யறாங்க. நம்ம ஊர் சித்திரை வெயிலுக்கு அது வரம். பனியில அதுவே எமன். சும்மா ஒரு கணக்கு போட்டுப் பார்த்தேன். ஒரு ஜீன்ஸ் அரை லிட்டர் தண்ணியைக் குடிச்சிருக்குன்னு வைங்க. அது ஆவியாகிப் போகக் கிட்டத்தட்ட 1,200 கிலோஜூல் வேணும். அத்தனையும் உங்க உடம்புல இருந்தே போகுதுன்னா, சுமார் 290 கிலோகலோரி. எங்க ஊர் கணக்குல சொன்னா, 75 கிராம் வெல்லத்தைக் கடிச்சுத் தின்னா கிடைக்கிற மொத்த சக்தியும் ஜீன்ஸைக் காயவைக்கவே காலி! டபுள் ஜீன்ஸ்னா டபுள் வெல்லம்.

தண்ணி வெளியில இருந்து மட்டும் வர்றதில்லை. ஸ்னோபோர்டு கத்துக்கிறதுங்கிறது முக்கால்வாசி விழுந்து எந்திரிக்கிறதுதான். (எங்க அம்மாயிகிட்ட போர்டு பத்தி விளக்கினப்ப, ‘ஏஞ்சாமி, அத்தனை காசு குடுத்துப் போயி உழுகோணுமா? இங்கியே வாய்க்கா வரப்புல உழுந்தா ஆகாதா?’ன்னு கேட்டாங்க. பதில் இல்லை.) அப்படி எந்திரிக்கிறப்ப குளிர்லயும் தொப்பல் தொப்பலா வியர்க்கும். ஆக, நல்ல பேன்ட்டுக்கு ரெண்டு வேலை. பனித்தண்ணியை உள்ளே விடக் கூடாது, வியர்வை ஆவியை வெளியே விடணும். ஒண்ணுக்கொண்ணு முட்டிக்கிற ரெண்டு வேலை!

இதுக்கு விடை கிடைச்ச கதை சுவாரஸ்யம். 1969-ல பாப் கோர்ங்கிற அமெரிக்கர், பி.டி.எஃப்.இ.ங்கிற பொருளைச் சூடாக்கி வெடுக்குனு இழுத்தார். வேற ஒண்ணுமில்லை, நம்ம நான்-ஸ்டிக் தோசைக்கல்லுல பூசுற டெஃப்ளான்தான் அது. மெதுவா இழுத்தா அறுந்து போன அந்தச் சரக்கு, வேகமா இழுத்ததும் பல மடங்கு நீண்டு, கண்ணுக்குத் தெரியாத ஓட்டைகள் நிறைஞ்சதா மாறிடுச்சு. ஓட்டை, தண்ணித் துளியைவிட ரொம்பச் சின்னது. நீராவி மூலக்கூறைவிட ரொம்பப் பெரிசு. துளி உள்ளே வராது, ஆவி வெளியே போகும். அதைச் சவ்வாக்கித் துணியில ஒட்டினதுதான் ‘கோர்-டெக்ஸ்’. 1976-ல விற்பனைக்கு வந்தது. அதே வேலையைச் செய்யற சவ்வுகள் இப்ப நிறைய கம்பெனிகள்கிட்ட இருக்கு. இந்த ஃப்ளோரின் சமாசாரமெல்லாம் மண்ணுலயும் தண்ணியிலயும் மக்காம தங்கிடுதுன்னு தெரிஞ்சதால, கோர் கம்பெனியே 2022-ல இருந்து பாலிஎத்திலீன் சவ்வுக்கு மாற ஆரம்பிச்சிடுச்சு.

‘10கே/10கே’ன்னா என்ன?

ஸ்னோ பேன்ட் லேபிள்ல ரெண்டு நம்பர் இருக்கும். முதல் நம்பர் தண்ணிக்கு. துணி மேல தண்ணியோட அழுத்தத்தைக் கூட்டிக்கிட்டே போவாங்க. எத்தனை மில்லிமீட்டர் உயரத் தண்ணியோட அழுத்தம் வந்ததும் துணி கசிய ஆரம்பிக்குதோ, அதுதான் ரேட்டிங். 10,000-ன்னா 10 மீட்டர் உயரத் தண்ணி. மூணு மாடி உயரத்துல இருக்கிற டேங்க் தண்ணி கீழ்க் குழாயில தர்ற அழுத்தம்! ரெண்டாவது நம்பர் ஆவிக்கு. ஒரு சதுர மீட்டர் துணி வழியா 24 மணி நேரத்துல எத்தனை கிராம் நீராவி வெளியே போகும்ங்கிற கணக்கு.

‘உக்கார்றதுக்கு எதுக்குப்பா மூணு மாடி அழுத்தம்?’ நானும் அப்படித்தான் நினைச்சு ரஃப் நோட்டுல போட்டுப் பார்த்தேன். 60 கிலோ ஆள் பனியில முட்டி போடறார். ரெண்டு முட்டியும் சேர்ந்து தரையில படற இடம் 80 சதுர சென்டிமீட்டர்னு வைங்க. அழுத்தம் சுமார் 75 கிலோபாஸ்கல். அதாவது, ஏழரை மீட்டர் உயரத் தண்ணிக்குச் சமம். 5,000 ரேட்டிங் பேன்ட் அங்கேயே அவுட்! ஸ்னோபோர்டுல வேற, ரெண்டு காலும் பூட்டியிருக்கிறதால ஸ்கீயிங் மாதிரி நின்ன இடத்துல சமாளிக்க முடியாது. பூட்டை மாட்ட உக்காரணும், விழுந்தா முட்டி போட்டு எழணும். அதனால, ஸ்னோபோர்டு பேன்ட்டுல முட்டியும் உக்கார்ற இடமும்தான் முதல்ல பார்க்க வேண்டிய ஏரியா. அங்கே துணி தடிப்பா, இல்லைன்னா ரெட்டையா இருக்கணும். என்னோட சிபாரிசு: 10,000-க்குக் குறைஞ்சதைத் தொடாதீங்க. 20,000 எல்லாம் நாள் முழுக்க ஈரப்பனியில கிடக்கிறவங்களுக்கு. ஐ.வி. பார்ட்டிக்கு அது ஓவர்.

ரேட்டிங் எவ்வளவு இருந்தாலும் தையல் ஓட்டைக்கு அது பொருந்தாது. பேன்ட்டை உள்பக்கம் திருப்பிப் பாருங்க. தையல் மேல பளபளன்னு ஒரு டேப் ஒட்டியிருக்கணும். எல்லாத் தையல்லயும் இருந்தா சூப்பர். கவட்டையிலயும் பின்னாடியும் மட்டுமாவது இருந்தா ஓகே. எங்கேயுமே இல்லைன்னா, அது பனிக்கான பேன்ட் இல்லை, படத்துக்கான பேன்ட்! கால் நுனியில உள்ளுக்குள்ள எலாஸ்டிக் வச்ச ஒரு குட்டிப் பாவாடை இருக்கும். அது பூட்ஸுக்கு மேல இறுக்கிப் பிடிச்சு, பனி உள்ளே போகாம தடுக்கும். தொடையில உள்பக்கம் ஜிப் இருந்தா, வியர்க்கிறப்ப திறந்துவிடலாம். நான் நல்ல பேன்ட்டுன்னு மதிக்கிறதுக்கு இந்த ஜிப் ஒண்ணு போதும்.

பனி எல்லாம் ஒரே பனி இல்லை

நம்ம பாஷையில புல் நுனியில நிக்கிறதும் பனி, இமயமலையில கொட்டுறதும் பனி. ஆனா பேன்ட்டுக்குத் தெரியும் வித்தியாசம். காஷ்மீர் குல்மார்க்ல கேபிள் கார் சுமார் 3,980 மீட்டர் உயரம் வரைக்கும் ஏறும். அந்த உயரத்துல ஜனவரியில மாவு மாதிரி உலர்ந்த பனி, தட்டினா உதிர்ந்துடும். அங்கே எதிரி குளிரும் காத்தும். மைனஸ் 10 டிகிரியில 30 கிலோமீட்டர் வேகத்துல காத்து அடிச்சா, தோலுக்கு அது மைனஸ் 20 மாதிரி உறைக்கும். பஞ்சு வச்ச பேன்ட், அதாவது உள்ளே சிந்தெடிக் நார் அடைச்சது, அங்கே நியாயம். சோலாங் சுமார் 2,500 மீட்டர்தான். பிப்ரவரி மத்தியானம் வெயில் சுள்ளுன்னு அடிச்சா, பனி சொதசொதன்னு ஆயிடும். அங்கே எதிரி ஈரம். அந்த நேரம் பஞ்சு வச்ச பேன்ட் போட்டு நாலு தடவை விழுந்து எழுந்தீங்கன்னா உள்ளேயே இட்லி வேகும்! பஞ்சு இல்லாத, வெறும் வாட்டர்ப்ரூஃப் உறை மாதிரியான பேன்ட்டும் உள்ளே தெர்மலும்தான் அதுக்குச் சரி. எங்கே போனாலும் ஒரே ஒரு பேன்ட்தான் முடியும்னா நான் இந்த உறையைத்தான் எடுப்பேன். குளிர்னா உள்ளே ஒண்ணைக் கூட்டிக்கலாம், வெயில்னா கழட்டிக்கலாம். தைச்சு வச்ச பஞ்சைக் கழட்ட முடியாதே!

மழைக்கு வாங்கின ரெயின் பேன்ட் போதாதான்னு கேக்குற புத்திசாலிகளுக்கு: தண்ணி உள்ளே வராது, உண்மைதான். வியர்வையும் வெளியே போகாது. மேலே அந்த வழவழப்புல விழுந்தா, நீங்க நிக்கிற வரைக்கும் சறுக்கிக்கிட்டே இருப்பீங்க.

வாங்கறதா, வாடகையா?

இதுதான் பாக்கெட் மேட்டர். ஐ.வி.க்குப் பணம் கட்டவே எங்க செட்டுல சில பேர் வீட்டுல நகை அடகுக்குப் போகுது. மண்டியில மூட்டை தூக்குற அப்பாகிட்ட போய் ‘ஸ்னோ பேன்ட் வாங்கணும்ப்பா’ன்னு நிக்க முடியுமா? நிக்கவும் வேணாம். ஒரு நாள் கூத்துக்கு மீசையைச் சிரைச்ச கதையா, சில மணி நேரப் பனிக்கு ஆயிரக்கணக்குல பேன்ட் வாங்கறது வேஸ்ட்.

மணாலியில இருந்து சோலாங் போற ரோடு நெடுக, வாடகைக்கு டிரெஸ் தர்ற கடைகள் வரிசையா நம்பர் போட்டு நிக்கும். கோட்டும் பேன்ட்டும் ஒட்டின ஓவரால், கம்பூட்ஸ், எல்லாம் சேர்த்து சீசனைப் பொறுத்து சில நூறு ரூபாய். பஸ் நிக்கிற கடையில, நீட்டுறதை வாங்கி மாட்டிக்கிட்டு ஓடாதீங்க. முதல்ல கையை உள்ளே விட்டு, உக்கார்ற இடத்தையும் முட்டியையும் தடவிப் பாருங்க. நேத்து போட்டவரோட ஈரம் இன்னும் காயாம இருக்கலாம். ஜில்லுன்னு இருந்தா திருப்பிக் கொடுங்க. ‘பையா, தூஸ்ரா திஜியே’... இவ்வளவு இந்தி போதும்! அப்புறம் பாட்டில்ல இருந்து ஒரு மூடி தண்ணியை முட்டியில ஊத்துங்க. சேம்பு இலைத் தண்ணி மாதிரி உருண்டு ஓடினா நல்ல சரக்கு. கறையா பரவி உள்ளே இறங்குச்சுன்னா வேற கேளுங்க. கவட்டைத் தையல் பிரிஞ்சிருக்கா, ஜிப் முழுசா ஏறுதான்னு பாருங்க. போட்டுக்கிட்டு தோப்புக்கரணம் நாலு. தோள்பட்டை இழுத்துப் பிடிச்சாலோ, பின்னாடி ‘டர்ர்’ சத்தம் வந்தாலோ, ஒரு சைஸ் பெரிசு. ‘டைட்டா இருந்தா ஸ்டைலா இருக்கு’ன்னு சொல்ற ஃப்ரெண்டைக் கிட்டவே சேர்க்காதீங்க. இறுக்கிப் பிடிச்சா துணிக்குள்ள இருக்கிற காத்து நசுங்கிடும். காத்து போச்சுன்னா கதகதப்பும் போச்சு.

கேர்ள்ஸுக்கு ஒரு எக்ஸ்ட்ரா பாரா. என் கிளாஸ்மேட் ஒருத்தி நேரா சொன்னா: ‘ஓவரால் பத்தி எழுதறப்ப பாத்ரூம் பத்தி எழுதாம விட்டுடாதே.’ கரெக்ட். கழுத்து வரைக்கும் ஒட்டின ஓவராலைப் போட்டுட்டா, பாத்ரூம் போகணும்னா எல்லாத்தையும் கழட்டணும், அந்தக் குளிர்ல! அதுக்குப் பயந்து காலையில இருந்து தண்ணியே குடிக்காம இருக்கிறாங்க. அது ரொம்பத் தப்பு. தண்ணி குறைஞ்சா உடம்பு இன்னும் சோர்ந்துபோகும். கோட்டு தனி, பேன்ட் தனின்னு இருக்கிற செட் இருக்கான்னு கேட்டு வாங்குங்க. பல கடைகள்ல எல்லாமே ஆண்கள் அளவுதான் தொங்கும். இடுப்புல நிக்கலைன்னா, துப்பட்டாவைச் சுருட்டி பெல்ட்டா கட்டிக்கோங்க. பாத்ரூம் எங்கே இருக்குன்னு பனியில இறங்குறதுக்கு முன்னாடியே பார்த்து வச்சிடுங்க.

காசை உள்ளே போடுங்க

வெளியே வாடகை, உள்ளே சொந்தம். இதுதான் என் ஃபார்முலா. அடுத்தவர் தெர்மலை வாடகைக்குப் போட முடியாது, போடவும் கூடாது! நமக்குப் பக்கத்துலயே திருப்பூர் இருக்கிறப்ப இதுக்கு டெல்லி வரைக்கும் போகத் தேவையில்லை. ஆனா, கடையில ‘தெர்மல்’னு எழுதியிருந்தா உடனே வாங்கிடாதீங்க. உள்ளே இருக்கிற லேபிளைப் படிங்க. ‘100 சதவிகிதம் காட்டன்’னா, அது ஊட்டியில லாட்ஜ் ரூம்ல போர்வைக்குள்ள படுக்கத்தான். வியர்வை சிந்தற வேலைக்கு பாலியஸ்டர் இல்லைன்னா மெரினோ கம்பளி. மெரினோ விலை கேட்டா ஜுரம் வரும், பாலியஸ்டரே போதும். தோலோட ஒட்டி இருக்கணும், ரத்த ஓட்டத்தை இறுக்கக் கூடாது. ரொம்பக் குளிர்னா அதுக்கு மேல ஒரு ஃப்ளீஸ் டிராக் பேன்ட். கோயமுத்தூர், மதுரை டெகாத்லான்ல ரெண்டையும் தொட்டுப் பார்த்தே எடுக்கலாம். சாக்ஸ் ஒரே ஜோடி, தடிப்பா, கம்பளிக் கலப்புல. ரெண்டு காட்டன் சாக்ஸைத் திணிச்சா விரல் இறுகி, இன்னும் சீக்கிரம் மரத்துப்போகும்.

மிச்சக் காசு இருந்தா பேன்ட்டுல போடாதீங்க, மணிக்கட்டுக் காப்பு வாங்குங்க. புதுசா ஸ்னோபோர்டு ஏறுறவங்க விழுறப்ப கையை ஊன்றி உடைச்சுக்கிறது மணிக்கட்டைத்தான். செமஸ்டர் எக்ஸாம் எழுதற கை, ஞாபகம் இருக்கட்டும்!

வாங்கினது வேலை செய்யுதான்னு பார்க்க மணாலி வரைக்கும் காத்திருக்க வேணாம். நமக்குக் கொடைக்கானல் இருக்கு. ஒரு ஆச்சர்யம் சொல்லட்டுமா? மணாலி டவுன் கடல் மட்டத்துல இருந்து சுமார் 2,050 மீட்டர். கொடைக்கானல் சுமார் 2,130 மீட்டர். நம்ம கொடைதான் உசரம்! அப்புறம் ஏன் அங்கே பனி கொட்டுது, இங்கே கொட்டலை? அது வடக்கே 32-வது டிகிரியில இருக்கு, நாம 10-வது டிகிரியில. குளிர்காலத்துல மேற்கே இருந்து ஈரத்தோட வர்ற ‘மேற்கத்திய இடையூறு’ங்கிற காற்றமைப்பு இமயமலையில மோதிப் பனியா கொட்டும். நம்ம மலைக்கு அந்த பஸ் வராது. டிசம்பர், ஜனவரியில புல்வெளியில உறைபனி பூத்ததோட சரி.

அந்த உறைபனிக் காலத்துல பழனி - கொடைக்கானல் மலைப்பாதையில பைக்ல ஏறிப் பாருங்க. கிட்டத்தட்ட 65 கிலோமீட்டர்ல 1,800 மீட்டர் ஏத்தம். ஆயிரம் மீட்டருக்கு ஆறரை டிகிரின்னு வச்சா, அடிவாரத்துக்கும் மேலே இருக்கிறதுக்கும் 12 டிகிரி வித்தியாசம். மேலே 5 டிகிரி இருக்கிறப்ப 40 கிலோமீட்டர் வேகத்துல போனீங்கன்னா, தோலுக்கு அது ஏறக்குறைய மைனஸ் 1. வருஷா வருஷம் நம்ம பசங்க இதுல டி-ஷர்ட், கிழிஞ்ச ஜீன்ஸோட போறாங்க. கால் மரத்துப்போச்சுன்னா பின் பிரேக்கை எவ்வளவு மிதிக்கிறோம்னே தெரியாது. ஹேர்பின் வளைவுல அது விளையாட்டு இல்லை. ஐ.வி. போகாதவங்களும் இந்தப் பாராவைக் கத்தரிச்சு வச்சுக்கோங்க. உள்ளே பாலியஸ்டர் தெர்மல், அதுக்கு மேல உங்க பேன்ட், அதுக்கும் மேல நான் மேலே திட்டின அதே ரெயின் பேன்ட். பைக்ல நீங்க வியர்த்து விறுவிறுக்கப் போறதில்லை, காத்தை நிறுத்தினா போதும். அங்கே ரெயின் பேன்ட்தான் ராஜா.

துவைக்கிறது பத்தியும் சொல்லிடறேன், வீட்டுல அம்மா கையில சிக்கினா முடிஞ்சது. சொந்தமா வாட்டர்ப்ரூஃப் பேன்ட் இருந்தா, வாசனைக்காக ஊத்தற கம்ஃபர்ட் வகையறா கூடவே கூடாது. தண்ணியை உருட்டிவிடுற மேல்பூச்சை அது கெடுத்துடும். துவைகல்லுல அடிக்கிறதும் நோ. கொஞ்சமா லிக்விட், நிறைய தடவை அலசல், நிழல்ல காயல். தண்ணி உருள்றது நின்னுபோச்சுன்னா, லேபிள்ல அனுமதி இருந்தா, மேலே ஒரு துணி போட்டு லேசான சூட்டுல அயர்ன் பண்ணுங்க. பூச்சு மறுபடி உசுர் பெறும்.

எங்க ஹாஸ்டல்ல இந்த வருஷம் ஒரு தகரப் பெட்டி வச்சிருக்கோம். ஐ.வி. முடிச்சு வர்ற சீனியர்கள் ஃப்ளீஸ், கையுறை, காப்பு எல்லாத்தையும் துவைச்சு அதுல போட்டுடணும், அடுத்த செட்டு எடுத்துக்கும். தெர்மல் மட்டும் வெந்நீர்ல ஊறவச்சு அலசினாத்தான் பெட்டிக்குள்ள அனுமதி. இப்போதைய ஸ்டாக்: மூணு ஃப்ளீஸ் டிராக், ஏழு தெர்மல், ஒரு ஜோடி கையுறை, ஒரே ஒரு மணிக்கட்டுக் காப்பு... இடது கைக்கு. வலது கைக் காப்பை வீட்டுக்கு எடுத்துட்டுப் போன புண்ணியவான் யாருன்னு தேடிக்கிட்டு இருக்கோம்.